டேங்கர் மூடியில் வேறொரு எண்

பால் டேங்கரின் சீல் உடைந்தால், உடைந்த இரண்டு துண்டையும் பதிவேட்டில் ஒட்டிப் பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் வேலை பார்த்த பால் நிலையத்தில் ஒரு விதி இருக்கிறது. எனக்குப் பின்னால் என் நாற்காலிக்கு வந்த தம்பி போன மாதம் போன் செய்தார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நாசவேலைத் தடுப்பு பற்றி வகுப்பு நடக்கிறதாம், நான் வந்து பேச வேண்டுமாம். "அந்த சீல் ஒட்டுற ரூல்லாம் உங்க காலத்துல வந்ததுதானே மேடம்" என்றார். என் காலத்தில் வந்தது இல்லை தம்பி, என்னால் வந்தது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிற ஆள் நான் இல்லை. ஐந்து நிமிடம் ஓர் இடத்தில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். படுக்கப் போகுமுன் காஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை எழுந்து பார்ப்பேன், நாலாவது தடவை பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு படுவேன். வகுப்பில் நின்று பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்குவதைவிட எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது.

என் பெயர் ஜெயமேரி. கடலூர்க்காரி. வேதியியல் படித்துவிட்டுப் பால் துறைக்கு வந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு வருடம் கண்ணாடிக் குழாய் கழுவினேன், அடுத்த வருடம் மற்றவர்கள் கழுவியது சரியில்லை என்று திட்டினேன். அப்புறம் நாலைந்து ஊர் சுற்றி, 2004இல் குறிஞ்சிப்பாடிப் பக்கம் இருந்த ஒரு பால் குளிரூட்டும் நிலையத்துக்கு லேப் பொறுப்பாளராக வந்தேன். 2012இல் அங்கேயே ஓய்வு பெற்றேன்.

காலை ஐந்தரைக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கேன்கள் வந்து இறங்கும். மூடியைத் திறந்த உடனே குனிந்து மோந்து பார்க்க வேண்டும். முதல் மூச்சுதான் கணக்கு. இரண்டாவது தடவை மோந்தால் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும். புளிப்பா, தீவன வாடையா, மண்ணெண்ணெய் பட்ட கேனா என்று அதிலேயே தெரியும். அப்புறம் கலக்கி, மாதிரி எடுத்து, லாக்டோமீட்டர் விட்டு, கொழுப்புப் பார்த்து, சந்தேகம் இருந்தால் குழாயில் கொதிக்கவைத்துத் திரிகிறதா என்று பார்ப்போம். தண்ணீர், சர்க்கரை, யூரியா, சோடா, மாவு எல்லாவற்றுக்கும் எங்களிடம் சோதனை உண்டு. விஷத்துக்குக் கிடையாது. பாலில் தண்ணீர் ஊற்றுகிறவன் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று ஆசைப்படுகிறான், அவ்வளவுதான். குடிக்கிறவன் சாகட்டும் என்று ஒருத்தன் நினைப்பான் என்று நாங்கள் படித்த புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

நான் அங்கே வந்த வருடக் கடைசியிலேயே சுனாமி வந்தது. முகாம்களுக்குப் பால் அனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் டேங்கரை ஓட்டிக்கொண்டிருந்த சலீம் பாய்தான் கேன் ஏற்றிய வேனை எடுத்துக்கொண்டு கிள்ளைப் பக்கம் போனார். அவர் ஊரே கிள்ளைதான். மூன்று நாள் வேனை விட்டு இறங்காமல் ஓட்டினார். நாலாம் நாள்தான், அவருடைய அக்கா பிள்ளைகளில் ஒன்று இன்னும் கிடைக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. ஏன் முன்னமே சொல்லவில்லை என்று அவரைப் பிடித்துக் கத்தினேன்.

"சொன்னா வண்டிய வேற ஆள்ட்ட குடுத்துடுவீங்க மேடம். சும்மா உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்" என்றார்.

அந்தப் பதில் என் சுபாவத்துக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அவர் மேல் எனக்கு ஒரு தனி மரியாதை. இந்த மனிதரை இவ்வளவு தெரிந்து வைத்திருந்தும்தான் பின்னால் நான் அப்படி நடந்துகொண்டேன்.

எங்கள் மேலாளர் பெயர் வைத்திலிங்கம். தினமும் சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து நெற்றி நிறைய விபூதியோடு வருவார். என்னைவிட எட்டு வயது சின்னவர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. தப்பு ஏதாவது கண்ணில் பட்டால் அந்தப் பதிவேட்டை எடுத்துவந்து, உரிய பக்கத்தைத் திறந்து, மேசைமேல் நம் பக்கமாகத் திருப்பித் தள்ளுவார். மேலே மூடி கழற்றிய பேனாவை வைப்பார். அப்புறம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றுவிடுவார். நாம் எழுதி முடிக்கிறவரை அவரிடமிருந்து ஒரு சொல் வராது. எனக்கு அது மகா எரிச்சல். திட்டித் தொலைத்துவிடுங்களேன் சார் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். திட்டினால் மறந்துவிடுவீர்கள் மேரிம்மா, எழுதினால் இருக்கும் என்றார்.

2008 கடைசியில் மும்பையில் அந்தக் கொடுமை நடந்ததே, அதற்குப் பிறகு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தானியக் கிடங்கு, குடிநீர்த் தொட்டி, பால் நிலையம் எல்லாம் தீவிரவாதிகள் கை வைக்கக்கூடிய இடங்கள், உஷாராக இருங்கள் என்று. பால் சேமிக்கும் பெரிய தொட்டியின் மூடிக்குப் பூட்டு வந்தது. வருகிறவர் போகிறவருக்கு ஒரு நோட்டு வந்தது. பால் அறைக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது என்றார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்த மாதிரி மாட்டுத் தீவனம் ஏற்றி வந்த லாரியைக்கூடக் கண்ணாடி வைத்து அடியில் பார்த்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, டேங்கருக்கு எண் போட்ட சீல் வந்தது.

அதைப் போடுகிற முறையைச் சொல்லிவிடுகிறேன். டேங்கர் கழுவி வந்ததும் மேலாளர் ஏணியில் ஏறி, டார்ச் அடித்து உள்ளே ஒரு சுற்றுப் பார்ப்பார். பால் ஏறியதும் மேல் மூடியை அழுத்தித் திருகி, அதன் கொக்கியிலும் வண்டியின் பின்பக்கக் குழாயிலும் மெல்லிய கம்பியைக் கோத்து, கம்பியின் இரண்டு முனையையும் பிளாஸ்டிக் சீலுக்குள் விட்டு அமுக்குவோம். டக்கென்று ஒரு சத்தம் வரும். அதற்கப்புறம் அறுக்காமல் திறக்க முடியாது. ஒவ்வொரு சீலிலும் ஓர் எண். அந்த எண்ணை நான் சலானில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். இரண்டரை மணி நேரம் தள்ளி இருந்த பெரிய பண்ணையில், சலானில் உள்ள எண்ணும் மூடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துத்தான் வண்டியை உள்ளே விடுவார்கள்.

முறையில் ஒரு குறையும் இல்லை. எங்கள் ரோடுதான் குறை. குண்டும் குழியுமாகக் கிடந்த அந்தச் சாலையில் வண்டி தூக்கிப் போட்டதில் முதல் வாரமே கம்பி அறுந்துவிட்டது. பெரிய பண்ணையில் வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதிகாரி வர வேண்டும், மாதிரி எடுக்க வேண்டும், எழுத்தில் விளக்கம் வர வேண்டும் என்று மாலைவரை வெயிலில் நின்றது. பழைய டேங்கர், குளிர் தாங்காது. பால் திரிந்து, முழு டேங்கரையும் கொட்டினார்கள். எத்தனை பேர் விடியுமுன் எழுந்து கறந்த பால்! கொட்டிய செய்தி வந்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அந்தக் கோபத்தில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். சலீம் பாயைக் கூப்பிட்டு, ஒரு பழைய கவரில் ஒரு சீலையும் கொஞ்சம் கம்பியையும் போட்டுக் கையில் கொடுத்தேன். வழியில் அறுந்தால் இதைப் போட்டுக்கொண்டு உடனே எனக்கு போன் பண்ணுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் போன் பண்ணினால் நான் பெரிய பண்ணைக்கு போன் செய்து, சலானில் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டேன், திருத்திக்கொள்ளுங்கள் என்பேன். அவர்களும் திருத்திக்கொள்வார்கள். கவருக்குள் போன சீலை எங்கள் பதிவேட்டில் 'சேதம், அழிக்கப்பட்டது' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டுவிடுவேன். இப்படி மூன்று தடவை பால் கெடாமல் போய்ச் சேர்ந்தது. பாலைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குப் பெருமைதான். கெட்டவன் கையில் இந்தச் சீல் போனால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இல்லை. சலீம் பாய் கையில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அது 2009, பொங்கல் கழிந்து ஒரு வாரம். டேங்கர் ஏழு மணிக்குப் புறப்பட்டுப் போய்விட்டது. எட்டு மணிக்கு எங்கள் காவலாளி, கேட் கம்பியில் செருகியிருந்தது என்று ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நோட்டிலிருந்து கிழித்த தாள். 'இன்னிக்கு பால்ல விஷம் கலந்தாச்சு. குடிக்கிறவன் எல்லாம் சாவான்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

மேலாளர் அதை இரண்டு தடவை படித்தார். முதலில் பெரிய பண்ணைக்கு போன் செய்து, வண்டி வந்ததும் தனியாக நிறுத்துங்கள், பாலில் கை வைக்காதீர்கள் என்றார். அப்புறம் போலீசுக்குச் சொன்னார். அரை மணியில் ஒரு ஜீப் நிறைய வந்துவிட்டார்கள். தொட்டி எது, குழாய் எது, யார் யார் உள்ளே வருவார்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார்கள். காட்டுவதற்கு நான்தான் போனேன். பால் அறைக்குள் போவதால் விதிப்படி செல்போனை லேப் மேசை டிராயரில் வைத்துவிட்டுப் போனேன்.

உள்ளே ஒரு சின்ன விஷயம் நடந்தது. தொட்டியில் மீதம் இருந்த பாலை ஒரு சில்வர் டம்ளரில் பிடித்து மேலாளர் போலீஸ்காரர்கள் முன்னால் மடமடவென்று குடித்தார். நான் பிடித்து நிறுத்தப் போனேன், கையை விலக்கினார். காலிக் குவளையைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்து நிமிடம் அப்படியே நின்றார். அந்தப் பதினைந்து நிமிடம் நான் மூன்று முறை வாசல்வரை போய் வந்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தொட்டியில் ஒன்றும் இல்லை என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். டேங்கருக்குள் ஏறிய பிறகு என்ன ஆயிற்று என்பதை அந்த டம்ளர் சொல்லாதே என்று எனக்குள் ஓடியது.

லேபுக்குத் திரும்பும்போது மணி பத்து. டிராயரைத் திறந்தால் சலீம் பாயிடமிருந்து இரண்டு தவறிய அழைப்புகள், எட்டே முக்காலுக்கு. திருப்பி அடித்தேன், அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. மறுபடி அடித்தேன். நாலாவது தடவை அடிக்கும்போது மேலாளர் உள்ளே வந்தார். கையில் சீல் பதிவேடு.

பெரிய பண்ணையிலிருந்து போன் வந்ததாம். டேங்கர் மேல் மூடியில் சலானில் இல்லாத வேறொரு எண் இருக்கிறது. கம்பியும் வேறு. டிரைவரை அந்த ஊர்ப் போலீசில் ஒப்படைத்துவிட்டார்கள்.

பதிவேட்டை மேசைமேல் திருப்பித் தள்ளினார். அந்த எண்ணுக்கு நேரே 'சேதம், அழிக்கப்பட்டது' என்று என் கையெழுத்து. பேனா மட்டும் வைக்கவில்லை.

"மேரிம்மா, அழிச்ச சீல் எப்படி வெளிய போச்சு?"

"தெரியலையே சார்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாய் தானாகத் திறந்து தானாகச் சொல்லிவிட்டது. வீட்டில் என் கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். என் சம்பளம் ஒன்றில்தான் வீடு ஓடியது. நாசவேலை வழக்கில் பெயர் வந்தால் சஸ்பெண்டோடு போகாது, ஜெயிலும் உண்டு என்று அந்தச் சுற்றறிக்கையை எனக்கு நானே எத்தனை தடவை படித்திருக்கிறேன்! மேலாளர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி என்று பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் உட்காரவே இல்லை. கழுவி வைத்த குழாய்களை எடுத்து மறுபடி கழுவினேன். இரண்டு பிப்பெட்டை உடைத்தேன். போய்ச் சொல்லிவிடு என்று ஒரு மனசு, இரு, பாலில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவரே வெளியே வந்துவிடுவார் என்று ஒரு மனசு. பன்னிரண்டு மணிக்கு இன்னொரு செய்தி வந்தது. சீல் ஏது என்று கேட்டதற்கு சலீம் பாய், லேப் குப்பைத் தொட்டியிலிருந்து பொறுக்கி வைத்திருந்தேன் என்று சொல்லியிருக்கிறார். என் பெயரைச் சொல்லவில்லை.

அப்போதாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. ஏன் என்பதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். அவர் என்னைக் காப்பாற்றுகிறார் என்று புரிந்தது. அடுத்த நிமிடமே, இவ்வளவு நன்றாகப் பொய் சொல்கிறாரே என்றும் தோன்றியது. கம்பி நிஜமாகவே அறுந்ததா, அறுத்தாரா? அந்தக் காகிதம் வந்த அதே நாளில் ஏன் அறுந்தது? நான் போனை எடுக்காதபோது ஏன் அந்த இடத்திலேயே நிற்கவில்லை? அன்றைக்கு நாலரை வருடப் பழக்கம். கிள்ளை முகாமுக்கு மூன்று நாள் பால் ஓட்டிய மனிதர். அவரைப் பற்றித்தான் நான் அப்படி நினைத்தேன். அவர் பெயர் ஆறுமுகமாகவோ அந்தோணியாகவோ இருந்திருந்தால் எனக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்குமா? வந்திருக்காது. இதை என்னிடமே நான் ஒப்புக்கொள்ள வருடக்கணக்கில் ஆயிற்று.

இரண்டு மணிக்கு லேப் உதவியாளர் குமுதா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே பேச்செடுத்தாள்.

"யார் மனசுல இன்னா இருக்குன்னு எப்படித் தெரியும் மேடம்? அவர் வாங்கிக் குடுத்த டீயெல்லாம் குடிச்சிருக்கோமே, நெனச்சாலே பயமா இருக்கு. இனிமே அவுங்க ஆளுங்கள பால் வண்டில ஏத்தவே கூடாது."

குமுதா இதைப் படித்தால் கோபித்துக்கொள்வாள், கோபித்துக்கொள்ளட்டும். அவள் கெட்ட பெண் இல்லை. இரண்டு மணி நேரமாக நான் மனசுக்குள் வைத்திருந்ததை அவள் வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான். வெளியிலிருந்து காதில் விழுந்தபோது எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை. வாயை மூடு குமுதா என்றேன். என் குரலைக் கேட்டு அவள் டப்பாவை நழுவ விட்டாள். நான் நேரே மேலாளர் அறைக்குப் போனேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கவர், கம்பி, போன், சலானைத் திருத்தச் சொன்னது, டிராயரில் கிடந்த தவறிய அழைப்புகள் எல்லாம். கேட்டு முடித்ததும் டிராயரிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். பேனா மூடியைக் கழற்றி அதன் மேல் வைத்தார். எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்து நின்றார்.

எழுதினேன். முடித்ததும் தாளை வாங்கிப் படித்தார்.

"மூணாவது தடவை 'சேதம்'னு எழுதினீங்க பாருங்க, அப்பவே எனக்குத் தெரியும் மேரிம்மா. பால் நேரத்துக்குப் போய்ச் சேருதேன்னு நானும் கேக்கல."

இதைச் சொல்லிவிட்டு என் கையெழுத்துக்குக் கீழே, 'மேற்பார்வையில் நேர்ந்த தவறு என்னுடையது' என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார். அப்புறம் போனை எடுத்து அந்த ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனைக் கேட்டார். என் முன்னாலேயே முழுவதும் சொன்னார். அப்போது மணி இரண்டே கால்.

அன்று மாலை சலீம் பாயை விட்டுவிட்டார்கள். டேங்கரில் இருந்த பால் அதற்குள் கெட்டுவிட்டது. மாதிரியை மட்டும் ஆய்வுக்கு அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் கொட்டினார்கள். சில வாரம் கழித்து, அதில் எதுவும் கலக்கப்படவில்லை என்று அறிக்கை வந்தது. கேட்டில் காகிதம் செருகியவன் யார் என்று இன்றுவரை தெரியாது. பாலைத் திருப்பி அனுப்பியதில் கோபப்பட்ட எவனோ என்றார்கள், விளையாட்டுக்குச் செய்திருப்பான் என்றார்கள். எனக்கு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். மேலாளரை ஜில்லா தாண்டி மாற்றிவிட்டார்கள். போகும்போது அவர் என்னைக் குறை சொல்லவில்லை, ஒரு வார்த்தை ஆறுதலும் சொல்லவில்லை. பதிவேடுகளை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

சலீம் பாய் மட்டும் திரும்பி வரவில்லை. வண்டிக் காண்ட்ராக்டர் அவரை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தாயிற்றே, அப்புறம் என்ன என்று நானே போய்க் கேட்டேன். பால் வண்டியில் ஒரு தடவை பேர் கெட்டால் கெட்டதுதான் என்றார். அந்தப் பேர் யாரால் கெட்டது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நான் கிள்ளைக்கு மட்டும் போகவில்லை. இந்த ஞாயிறு போவோம், அடுத்த ஞாயிறு போவோம் என்று மூன்று வருடம் ஓட்டினேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கிள்ளை என்று போர்டு போட்ட பஸ்ஸைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை.

2012இல் ஓய்வு பெற்ற மறுவாரம், இனி என்னிடமிருந்து பறிக்க யாருக்கும் ஒன்றும் இல்லை என்ற தைரியத்தில் அந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அந்தத் தைரியத்தையும் என்னவென்று சொல்ல.

கடைத்தெருவில் விசாரித்தேன். மீன் ஏற்றுகிற சின்ன வண்டி ஒன்று ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். தாடி பாதி நரைத்திருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, மேடத்துக்குச் சர்க்கரை கம்மியா ஒரு டீ என்று கடைக்காரரிடம் சொன்னார். அதை இன்னும் ஞாபகம் வைத்திருந்தார். என் கணவரை விசாரித்தார். இறந்து ஒரு வருடம் ஆகிறது என்றேன். தலையை அசைத்து, வந்த டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நான் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். எதைச் சொன்னாலும் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினார். இடது காது அன்றைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் வாங்கிய அறையில் போனது என்று பிறகு அவரே சாதாரணமாகச் சொன்னார்.

"பனமரத்தடில பால் குடிச்ச கதையாப் போச்சு மேடம், என்ன செய்யறது" என்று சிரித்தார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. எழுந்து நடக்க வேண்டும் போல இருந்தது. காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரே பேசினார்.

"நீங்க சொல்லித்தான் விட்டாங்கன்னு எனக்குத் தெரியும். எத்தனை மணிக்குச் சொன்னீங்கன்னும் அந்த ஏட்டு சொன்னாரு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இத்தினி நாளா வெச்சிருக்கேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க பாய்."

"காலைலேந்து ரெண்டு மணி வரைக்கும் சொல்லாம இருந்தீங்களே. வேலை போயிடும்னு பயமா, இல்ல என் மேல சந்தேகமா?"

வலது காதை என் பக்கம் திருப்பிக் காத்திருந்தார்.

"பயம்தான் பாய். வேறென்ன" என்றேன்.

அவர் முகம் அப்படியே தெளிந்தது. மூன்று வருடமாக நெஞ்சில் இருந்ததை இறக்கி வைத்தவர் போல மூச்சு விட்டார். "பயம்னா சரி மேடம், அது எல்லாருக்கும் உள்ளதுதான். வீட்லகூட அதத்தான் சொல்லிட்டு இருப்பேன், மேடம் அப்படி நெனைக்க மாட்டாங்கன்னு" என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு டீ வாங்க எழுந்து போனார்.

அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சர்க்கரை கம்மியான இரண்டாவது டீயையும் குடித்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

பாய், பயம் மட்டும் இல்லை.